ஐந்தருவி ஏத்தத்துல நிக்குற வண்டியும் என் டிரைவிங்கும்

இன்னிக்கு மெக்கானிக் ஷெட்ல...

இல்ல, மொதல்ல இருந்தே சொல்லுதேன். அப்பதான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்!

எங்க பழைய டீசல் பிக்கப்ப ஓட்டுறது நான். பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய் ஏத்தி, குற்றாலத்து மெஸ்ஸுக்கும் ஹோட்டலுக்கும் இறக்குறதுதான் என் பொழப்பு.

மச்சான் துபாய்ல. (மச்சான்னா எங்க வீட்டுக்காரர். வெளியூர்க்காரங்க குழம்பக் கூடாதுல்லா!) லீவுல வந்தா மட்டும் சாவி அவங்க கைக்குப் போயிரும்.

இந்தத் தடவ லீவு முடிஞ்சு அவங்க ஃப்ளைட் ஏறுன மறு வாரமே வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சுட்டு.

சமதள ரோட்டுல சொன்ன பேச்சு கேக்கும். லோடோட ஐந்தருவி ஏத்தத்துல ஏறுனா மட்டும் திணறித் திணறி அங்கனயே நின்னுரும்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்!

சீசன் நேரம். சாரல் வேற. பின்னால வேன்காரன் எல்லாம் ஹாரன அமுக்குதான். தலை நிறைய எண்ணெயத் தேச்சுக்கிட்டு அருவிக்குப் போன ஒருத்தர் ஜன்னலத் தட்டி, "கிளட்ச்ச மெதுவா விடணும் சிஸ்டர்"னு எனக்கு கிளாஸ் எடுத்தாரு. (போய்க் குளிங்க சார்!)

மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட தெளிவாச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இஞ்சினுக்கு டீசல் வந்து சேரல. நின்ன உடனே டேங்க்ல இருந்து டீசல் இழுக்க கைப்பம்ப அமுக்குனா, அமுங்குனபடியே கெடக்கு. மேல எழும்ப மாட்டேங்கு. கொஞ்சம் பொறுத்து அமுக்குனா நல்லா இழுக்குது."

"அதெல்லாம் அமுக்கத் தெரிஞ்சு அமுக்கணும்மா."

கேட்டீங்களா!

ஃபில்டர மாத்துனாரு. நாசில கழட்டி மாட்டுனாரு. காலி வண்டிய தென்காசிக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "பூ மாதிரி போகுது. வண்டில ஒண்ணுமில்ல, ஓட்டுத ஆளுதான் பாத்து ஓட்டணும்"னு சாவியக் குடுத்தாரு.

"லோடு ஏத்திட்டு ஏத்தத்துக்கு வாங்க, காட்டுதேன்"னா, "கடைய யாரு பாப்பா?"ங்காரு.

சரி, மச்சானாவது நம்ம பக்கம் நிப்பாங்கன்னு வீடியோ கால் போட்டேன்.

"நான் ஓட்டும்போது நல்லாத்தானட்டி ஓடுச்சு? நீ ஓட்ட ஆரம்பிச்சதும்தான நிக்குது? நீயே யோசிச்சுப் பாரு."

யோசிச்சேன். அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துச்சு.

அதோட விட்டாங்களா? "சுரண்டைல ஒருத்தர்கிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து பாப்பாரு. வந்த விலைக்குக் குடுத்துரு."

என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல! அந்த வண்டி இருக்கதுனாலதான் ஒரு செருப்பு வாங்கக்கூட நான் யார்கிட்டயும் கை நீட்டாம இருக்கேன். அது போயிட்டா திரும்ப அடுப்படிதான்.

விடுவேனா?

அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் வாங்குனேன். டேங்க்ல இருந்து வர்ற டியூப கழட்டிட்டு, கேன்ல இருந்து நேரா ஃபில்டருக்கு ஒரு டியூப் குடுத்தேன். கேன மடியில புடிச்சுக்கிட்டு பக்கத்து சீட்ல என் நாத்தனா பாத்திமா. (வீட்ல யாரும் செஞ்சு பாக்காதீங்க!)

"என்ன மைனி, வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்துதியளா?"

"சிரிக்காம நேராப் புடி!"

அதே லோடு. அதே ஏத்தம். அதே டிரைவிங்.

வண்டி நிக்கவே இல்ல! ஐந்தருவி வாசல் வரைக்கும் ஒரே மூச்சுல ஏறிட்டு!

அப்போ பம்பு நல்லாருக்கு. நாசில் நல்லாருக்கு. என் காலும் கையும் நல்லாருக்கு. கோளாறு டேங்குக்குள்ள.

இப்பதான் இன்னிக்குக் கதை. மெக்கானிக் ஷெட்ல போய் நின்னு, "டேங்க இறக்குங்க"ன்னேன்.

"டேங்குக்குள்ள என்னம்மா இருக்கப் போகுது?"

"இறக்குங்கண்ணாச்சி!"

இறக்குனாரு. டீசல வடிச்சுட்டு, கம்பிய வளைச்சு உள்ள விட்டுத் துழாவுனாரு. ஏதோ மாட்டுச்சு. இழுத்தாரு.

துணி!

ஏத்தத்துல இஞ்சின் டீசல வேகமா இழுக்கும்போது அது போய் குழாய் வாய அடைச்சுக்கும். வண்டி நின்னதும் தானா விலகிரும். அவ்வளவுதான் விஷயம்!

பிழிஞ்சு விரிச்சுப் பாத்தேன். ஊதாக் கட்டம். ஓரத்துல பச்சைக் கரை.

பெருநாளைக்கு மச்சானுக்கு நானே கடை கடையா ஏறி இறங்கி எடுத்துக் குடுத்த கைலில கிழிச்ச துண்டு!

உடனே வீடியோ கால் போட்டு, துணிய மட்டும் காட்டுனேன்.

"இங்க நெட்வொர்க் சரியில்ல"ன்னு கட் பண்ணிட்டாங்க. (முகம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு மச்சான்!)

கொஞ்ச நேரம் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் வருது.

"லீவு முடியப் போற நேரத்துல டேங்க் மூடி தொலைஞ்சுட்டுட்டி. கைலியக் கிழிச்சு சும்மா சொருகி வச்சேன். மறுநா மூடி வாங்கிப் போடப் போனா துணியக் காணோம். ரோட்ல விழுந்துருக்கும்னு நெனச்சேன்."

"இத்தன நாளு என் டிரைவிங்கக் குத்தம் சொன்னியள்ளா, இத ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா?"ன்னு கேட்டேன்.

அதுக்கு வந்த பதில் பாருங்க மக்களே...

"நீ கேக்கலியே!"

மெக்கானிக் அண்ணாச்சி குனிஞ்ச தல நிமிராம டேங்கக் கழுவிட்டு இருந்தாரு.

போன பதிவுல 'லேடீஸ் டிரைவிங்'னு சிரிப்பு பொம்மை போட்ட அண்ணன் தம்பிகளும் இந்தப் பக்கம் கொஞ்சம் வந்துட்டுப் போங்க!

இதெல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, வாசல்ல சுரண்டைக்காரர் நிக்காரு. நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை, அதுக்குள்ள அவசரம்!

"வண்டிய விக்கப் போறதா சொன்னாங்க..."

"வண்டி விக்கதுக்கு இல்லண்ணாச்சி. ஒரு கைலித் துண்டு இருக்கு, கொஞ்சம் டீசல் வாசம் அடிக்கும். பாக்கியளா?"