முதல் வரிக்கு விட்ட இடம்

அந்தப் புத்தகத்தை அம்மா, டெல்லி ஜங்க்புராவில் அவள் வேலை செய்த வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். பழைய பேப்பர்காரருக்குப் போட ஒதுக்கிய பேப்பர்க் கட்டுக்குள் கிடந்ததாம். அட்டையில் மழைக்கோட்டு போட்ட வெள்ளைக்காரர், காதில் டெலிபோன், பின்னால் கால்பந்து மைதானம்.

"பந்தாட்டப் படம் போட்டிருந்துச்சு. மேம்சாப்கிட்ட கேட்டுத்தான் எடுத்தாந்தேன். படிப்பியா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அகராதியோடு படித்து முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

இங்கிலாந்தில் கால்பந்து நிருபராக இருந்தவர் தன் தொழில் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம். சின்ன ஊர் வாரப் பத்திரிகையில் பள்ளி ஆட்டங்கள், பிறகு பெரிய பத்திரிகை, உலகக் கோப்பைகள், கடைசியில் புத்தகங்கள். எனக்குப் பிடித்தது அவர் வேலை செய்த விதம். ஆட்டம் நடக்கும்போதே எழுதிக்கொண்டு வருவார். முதல் வரிக்கு மட்டும் இடம் விடுவார். கடைசி நிமிடத்தில் எல்லாமே மாறலாம் அல்லவா? விசில் ஊதியதும் அந்த வரியை எழுதி, முழுவதையும் டெலிபோனில் அலுவலகத்துக்குச் சொல்வார். அங்கே ஒருவர் தட்டச்சு செய்வார். கமா, ஃபுல்ஸ்டாப்பையும் வாயால் சொல்லவேண்டும்.

நானும் அப்படியே பழகினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பின் பையன்கள் சிவப்பு பனியனில் ஆடுவார்கள், எதிரணிக்கு நீலம். ஆட்டம் முடிந்ததும், பீன்ஸ் நறுக்கும் அம்மாவிடம் இங்கிலீஷில் ஒப்பிப்பேன். எங்கள் கோல்கீப்பர் வாசலில் நின்று சிரிப்பான்.

"ஆன்ட்டி, நான் எத்தன கோல் விட்டேன்னும் சொல்றானா?"

"யாருக்குடா தெரியும்? கமா கமான்னுதான் கேக்குது." என் பக்கம் திரும்புவாள். "யாரு ஜெயிச்சா? அத மொதல்ல சொல்ல மாட்டியா? செவப்பா, நீலமா?"

கல்லூரி முடிந்தபின் கரோல் பாக் துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். ஓர் இங்கிலீஷ் நாளிதழில் சோதனைக்கு ஒரு ஆட்டம் கொடுத்தார்கள். செய்தி சரியாக வந்தால் வேலை. இல்லையென்றால் மறுபடி துணி மடிக்கவேண்டியதுதான்.

இரண்டாம் பாதியில் மழை. போனில் இன்டர்நெட் போய்விட்டது, பேச மட்டும் முடிந்தது. போனிலேயே சொல்கிறேன் என்றேன். உள்ளுக்குள் ஒரே குதூகலம். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் இதற்காகத்தானே! மழைக்கோட்டு இல்லாமலே அந்த வெள்ளைக்காரர் ஆகிவிட்டேன். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கமா சொன்னேன், ஃபுல்ஸ்டாப் சொன்னேன்.

"பையா, கமாவை நான் போட்டுக்கிறேன், ஜல்தி!" என்று அலுவலகத்தில் செய்தி டெஸ்க்கில் இருந்தவர் ஹிந்தியில் கெஞ்சினார். நான் விடவில்லை. கடைசி ஃபுல்ஸ்டாப்பையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

உடனே திரும்ப அடித்தது.

"அரே பையா, ஜீதா கௌன்?"

ஜெயித்தது யார்? நோட்டைப் பார்த்தேன். மேலே, முதல் வரிக்கு விட்ட இடம் அப்படியே காலியாக இருந்தது. அவர் ஹிந்தியில் கேட்டாலும் எனக்கு அம்மா கேட்ட மாதிரிதான் இருந்தது.

"லால்," என்றேன். சிவப்பு.

"எந்த லால்?"

அணியின் பெயரைச் சொன்னேன்; கடைசி நிமிட கோலைச் சொன்னேன். கமா இல்லாமல், மூச்சு விடாமல். அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

"அச்சா. இதுதான் முதல் வரி. நாளைக்கு ஆபீஸுக்கு வா."

போனேன். வேலை கிடைத்தது. 'கமா' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது, இன்னும் போகவில்லை.

கேம்ப்பை இடித்துவிட்டார்கள். கோல்கீப்பர் தமிழ்நாட்டுக்கே போய்விட்டான். அம்மா இப்போது டெல்லியின் கோடியில், நரேலாவில் கொடுத்த மாற்று வீட்டில் இருக்கிறாள். அரிசிச் சாக்கில் பாத்திரங்களோடு அந்தப் புத்தகத்தையும் போட்டுத்தான் கொண்டுபோனாள். சிவப்பு பனியன் போட்ட யாரையும் இப்போது கேம்ப் இருந்த பக்கம் பார்க்க முடிவதில்லை.

மைதானத்தில் லேப்டாப்பில் எழுதும்போது இன்றும் மேலே ஒரு வரி விடுகிறேன். விசில் ஊதியதும் அம்மாவுக்குப் போன்.

"செவப்பா, நீலமா?"

"ரெண்டும் இல்லம்மா. மஞ்சள்."

பிறகு அந்த இடத்தை நிரப்புகிறேன்.