பிரசாந்தி ஓட்டிய மோட்டார்ச் சைக்கிள்

சீனி வருத்தம் என்ற நீரிழிவால் பிரகலாதனுக்குக் கண்பார்வை முற்றாகப் போனபோது, அவனுடைய மீன்பெட்டியையும் மோட்டார்ச் சைக்கிளையும் மனைவி பிரசாந்தி எடுத்துக்கொண்டாள். காங்கேசன்துறைப் பக்கம் விடியவே மீன் வாங்கி, அச்சுவேலி, நீர்வேலி ஒழுங்கைகளில் ஹோர்ன் அடித்து விற்பாள்.

வண்டிக்கு வயது முப்பத்தைந்து. பிரகலாதன் அதை ஒருநாளும் கராஜில் விட்டதில்லை. இப்போது அவன் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து காதால் பார்ப்பான், கைவேலை அவளுடையது. முதலில் பிளக்கைக் கழற்றவே அவளுக்கு அரைநாள் பிடித்தது. காபரேட்டரைக் கழுவிப் பூட்டிய அன்று ஒரு சின்னத் திருகாணி மிஞ்சியது.

"கையிலை தா," என்று வாங்கித் தடவினான். "உது காத்துக்குரியது. உதில்லாட்டி இடையிலை நிண்டுபோகும். திரும்பக் கழட்டு."

கழற்றினாள். இரண்டு வருடத்தில் செயின் இறுக்கவும் பிரேக் சூ மாற்றவும் அவளுக்குக் கைவந்துவிட்டது.

ஐப்பசியில் வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கியது.

"உள்ளுக்கை தட்டுது, கேக்குதே?" என்றான் பிரகலாதன்.

"எனக்கொண்டும் கேக்கேல்லையப்பா."

ஒரு கிழமையாக அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று சாக்கை விரித்து எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரை அவன் மடியில் வைத்தாள். அவன் சுட்டுவிரலை உள்ளே விட்டு மெல்லச் சுற்றினான். ஓரிடத்தில் விரல் தடக்கி நின்றது. மறுபடி சுற்றினான். அங்கேயே நின்றது.

"ஏற்கெனவே லேத்திலை குடுத்து நாலுதரம் உள்ளுக்கை கடைஞ்சாச்சு. இனிக் கடைய இதிலை இரும்பில்லை."

"வேறை சிலிண்டர் கேட்டுப் பாப்பமே?"

"கேள்," என்றான்.

யாழ்ப்பாணத்தில் ஐந்து கடை ஏறினாள். ஒரு கடைக்காரர், "உதை இன்னும் ஆரேன் ஓடுகினமோ அக்கா?" என்று கேட்டார். புதுப் பிஸ்டன் ரிங் மட்டும் கிடைத்தது. போட்டுப் பூட்டினாள். பதினொரு நாள் ஓடியது.

பன்னிரண்டாம் நாள், அச்சுவேலிக்கு இங்கால், எஞ்சின் இறுகிப் பின்சில்லு இழுபட்டு நின்றது. பெட்டி நிறையச் சூடை மீன். வெயில் ஏற ஐஸ் உருகிப் பெட்டி மூலையால் வடிந்தது. பழக்கத்தில் ஸ்பானர்கள் கிடந்த சாவிப்பையைத் திறந்தாள். கழற்றத் தெரிந்ததெல்லாம் முன்பே கழற்றிப் பார்த்தாயிற்று. பையை மூடினாள்.

மத்தியானம் யாரோ ஒருவரின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வண்டி வீடு வந்தது. மீன் மணக்கத் தொடங்கியிருந்தது. பிரகலாதன் தடவிக்கொண்டு வந்து எஞ்சினில் கை வைத்தான். அது ஆறிப்போயிருந்தது.

"நீ நல்லாத்தான் பூட்டினனீ," என்றான். "உன்ரை பிழையில்லை."

இரண்டு வருடமாக அவன் வாயால் அவள் கேட்க ஆசைப்பட்ட சொல். அவள் மீனைப் புதைக்க மண்வெட்டி எடுக்கப் போனாள்.

இப்போது அவள் முதல் பஸ்ஸில் போய், சந்தையில் வேறொருவரின் மீனை வெட்டிக் கொடுக்கிறாள். பின்னேரம் திரும்பும்போது பிரகலாதன் ஓடாத வண்டிக்குப் பக்கத்தில், காலையில் இருந்த இடத்திலேயே இருப்பான். மூடிவைத்த சோறு அப்படியே கிடக்கும்.

"பசிக்கேல்லை," என்பான்.

அவள் கறியைச் சூடாக்கி மறுபடி வைப்பாள்.