தகரக் கொட்டகையில் புது தில்லி

குளிர் தொடங்கிவிட்டதே என்று நேற்று ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை, வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்ததும், கரோல் பாக்கில் நான் படித்த பள்ளியின் தகரக் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது. இன்று அங்கே நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது.

அந்தக் கொட்டகையில்தான் சனிக்கிழமைதோறும் வரலாறு டீச்சர் வேஷப் பெட்டியைத் திறப்பார்; கூரைமேல் குரங்குகள் தடதடவென்று ஓட, அந்துருண்டை மணக்கும் வெல்வெட் கோட்டையும் ஜரிகைத் தலைப்பாகையையும் மாட்டிக்கொண்டு நாங்கள் தில்லியின் பழைய கதைகளை நடிப்போம். புது தில்லியைக் கட்டிய கதையில் எனக்குக் கல் சுமக்கும் பெண் வேஷம் வந்தது. அம்மா கட்டட வேலைக்குப் போவதை மறைத்து, ஆபீசில் வேலை என்று வகுப்பில் சொல்லிவைத்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏண்டி அழுவுற? தலையில வெச்சு நடக்கத் தெரியுமா ஒனக்கு?" என்று சிரித்த அம்மா, பழைய புடவையைச் சும்மாடாகச் சுருட்டி, கழுத்தை அசைக்காமல் நடக்கப் பழக்கினாள்.

நாடகத்தன்று பாதி வேலையில் கிளம்பி, சிமென்ட் படிந்த புடவையோடு வாசலில் வந்து நின்றாள். "இந்தக் கல்லையெல்லாம் சுமந்தது யார்?" என்று டீச்சர் கேட்டதும், மனப்பாடம் செய்த வசனம் எனக்கு மறந்துபோனது.

"எங்கம்மா மாதிரி ஆளுங்க, டீச்சர். அதோ நிக்குறாங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வைஸ்ராய் வேஷத்தில் இருந்த ரமேஷ் சட்டென்று எழுந்து, "பைட்டியே, ஆன்ட்டி" என்று உட்காரச் சொல்லி, தன் நாற்காலியைக் காட்டினான். அம்மா புடவையை இரண்டு முறை தட்டிவிட்டு, முதுகை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தாள்.