கஜந்தினி சுருக்கிய பதினைந்து பெயர்கள்

தியாகலிங்கம் கஜந்தினி யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்து இறங்கியது 1995 நவம்பர் 9ஆம் திகதி. புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் லேபிள் அச்சிடும் வேலையில் சேர்ந்தது 2003இல். அன்றிலிருந்து அவர் ஒட்டிய லேபிள் ஒன்றாவது கோணலாகப் போனதில்லை என்று அங்கே சொல்வார்கள். பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் அவருடைய வீட்டிலும் அப்படித்தான். குளிர்பெட்டியில் மிளகாய்த்தூளுக்கு மட்டும் நான்கு லேபிள்கள்.

"என்ர நெத்தியிலயும் ஒண்டை ஒட்டிவிடுமப்பா, காலாவதித் திகதியோட," என்பார் கணவர் இரவிச்சந்திரன்.

களஞ்சியத்தில் அடுத்த மேசை லின் மெய்ஹுவாவுடையது. அவர் சீனாவின் சுவான்சூ நகரத்தவர். இருவரும் பேசுவது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். பழக்கதோஷத்தில் மெய்ஹுவாவுக்கு 'ஐயோ'வும் 'ஓம்'மும் நன்றாக வரும்.

2024 ஜனவரியில் மொன்றியல் சுவான்சூக்காரரின் சங்கம் ஒரு தீர்மானம் எடுத்தது. புத்தாண்டு விருந்தில் தங்கள் ஊரின் புகழ்பெற்றவர்கள் பதினாறு பேரின் படங்களை மாட்டுவது. ஒவ்வொன்றின் கீழும் அழகாக அச்சிட்ட பெயர். அந்த வேலைக்குக் கஜந்தினியை முன்மொழிந்தவர் மெய்ஹுவா. "வெளியாள் எதற்கு?" என்று தலைவர் ஹுவாங் முகம் சுளித்தார். "அவள் வேலைக்கு நான் பொறுப்பு," என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார் மெய்ஹுவா.

பட்டியல் கைக்கு வந்தது. தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்னர் தண்ணீரில் ஓடும் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கட்டிய சூ சொங். கடற்கொள்ளையரை விரட்டிய தளபதி யூ தாயோ. கடற்படைத் தலைவர் ஷி லாங். இன்றைய காலணித் தொழிலதிபர்களும் இருந்தார்கள். பதினாறாவது ஆள் இலங்கையிலிருந்து போன ஓர் இளவரசர். தன் நாட்டில் அரியணை கைமாறிவிட்டதால் திரும்பி வராமல் சுவான்சூவிலேயே தங்கிவிட்டார் என்பது அந்த ஊரார் சொல்லும் கதை.

"அப்ப அவரும் எங்களைப் போல அகதிக் கேஸ்தான்," என்றார் இரவிச்சந்திரன். "எத்தினை வருசத்தில பேப்பர் கிடைச்சதாம்?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி. சும்மா இருங்கோ, நான் அளந்துகொண்டிருக்கிறன்."

அவர் அளந்தது லேபிளை. நான்கு அங்குல அகலம். அதில் பெயர் தூரத்திலிருந்தும் தெரியவேண்டும். நம்முடைய வழக்கம்போலத் தகப்பன் பெயர்தான் முதலில் வருகிறது என்று எடுத்துக்கொண்டார். அதை ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருக்கி, ஆளின் சொந்தப் பெயரைப் பெரிதாகப் போட்டார். சூ சொங், எஸ். சொங் ஆனார். ஷி லாங், எஸ். லாங் ஆனார். இளவரசருக்கு மட்டும் சுருக்க ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 17, சனிக்கிழமை. லாசாலில் ஒரு மண்டபம். உதவிக்கு இரவிச்சந்திரனும் வந்திருந்தார். விருந்தினர் வருவது பன்னிரண்டு மணிக்கு. சரியாகப் பதினொன்று நாற்பதுக்குக் கஜந்தினி கடைசி அட்டையை ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஒன்றும் கோணல் இல்லை.

ஹுவாங் வந்தார். முதல் படம், இரண்டாம் படம், மூன்றாம் படம் என்று வாசித்துக்கொண்டே போனார். பிறகு கஜந்தினியைப் பார்க்கவில்லை, மெய்ஹுவாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மெய்ஹுவாவின் தலை குனிந்தது.

"ஐயோ கஜந்தி, சூ எங்கே? ஷி எங்கே?" என்றார் மெய்ஹுவா.

"அப்பாமாற்ற பேர்தானே? முதலெழுத்தாய்ப் போட்டிருக்கிறன்."

"அப்பா பெயர் இல்லை! குடும்பப் பெயர். பாட்டன் பூட்டன் எல்லோருக்கும் அதே பெயர். எங்களுக்கு அதுதான் முதல் மரியாதை. இப்போது சூவும் ஷியும் ஒரே எஸ்!"

கஜந்தினி கைப்பையைத் திறந்து, எங்கே போனாலும் கொண்டுபோகும் சிறிய லேபிள் மெஷினை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, அந்த ஏணியைக் கொண்டோடி வாங்கோ! மெய்ஹுவா, நீ வாசி. நான் அடிக்கிறன்."

மெய்ஹுவா வாசித்தார், கஜந்தினி தடித்த எழுத்தில் குடும்பப் பெயரை மட்டும் அடித்து நறுக்கினார், இரவிச்சந்திரன் ஏணியில் ஏறி முதலெழுத்தை மறைத்து ஒட்டினார். ஒரு பெயருக்கு ஒரு நிமிடம். கைகட்டி நின்ற ஹுவாங் நான்காம் பெயரில் ஏணியைப் பிடித்தார். ஒன்பதாம் பெயரில் தானே உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

"கோணல்!" என்று கத்தினார் கஜந்தினி.

"லேபிள் நேர்தான். ஏணிதான் கோணல்," என்றார் மேலேயிருந்து இரவிச்சந்திரன்.

பதினைந்தாவது பெயர் ஒட்டியபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. கதவு திறந்தது. வந்தவர்கள் கோட்டைக் கழற்றமுன்னரே தங்கள் குடும்பப் பெயரைத் தேடி ஓடினார்கள். யூ என்ற பெயர்கொண்ட ஒரு பெண் தளபதியோடு நின்று நான்கு படம் எடுத்தார்.

"அடுத்த வருடமும் இவளையே கூட்டிவா," என்றார் ஹுவாங் மெய்ஹுவாவிடம். மெய்ஹுவாவின் தலை நிமிர்ந்தது. பிறகு ஹுவாங்கின் கண், கஜந்தினி மறந்துபோய்க் குத்திக்கொண்டு வந்த வேலை அட்டையில் விழுந்தது. 'கஜந்தினி டி.'

"இந்த டி யார்?"

"என்ர அப்பா. தியாகலிங்கம்."

"அட, சொந்த அப்பாவையும் இப்படித்தான் ஒளித்துவைத்திருக்கிறாயா?"

மண்டபமே சிரித்தது, கஜந்தினியும் சிரித்தார். கியூபெக் மாகாணத்தில் கலியாணத்தோடு பெண்ணின் பெயர் மாறுவதில்லை. எல்லாப் பத்திரங்களிலும் முழுதாக இருந்த தகப்பன், வேலையிடத்தில் மட்டும் இருபது வருடமாக ஒற்றை எழுத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஹுவாங் மெஷினை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு அடித்து, அந்த வேலை அட்டையில் ஒட்டினார். ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்துகள்; பதினொன்றரை சென்ரிமீற்றர் நீளம். அட்டையின் அகலம் எட்டரை. தியாகலிங்கம் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். அதுவும் கோணலாக.

வீடு திரும்பும்போது இரவிச்சந்திரன் ஓரக்கண்ணால் பார்த்தார். "சரிஞ்சுபோய்க் கிடக்கப்பா. கழட்டி ஒழுங்கா ஒட்டுமன்."

"தொடாதேங்கோ," என்றார் கஜந்தினி. "அது அப்பிடியே இருக்கட்டும்."

திங்கட்கிழமை, 19ஆம் திகதி, காலை ஏழு மணிக்கு அந்த அட்டையோடுதான் அவர் வேலைக்குப் போனார்.