தோல் நீக்கிய கோழி

மாலை நாலரை மணிக்குச் செய்தி வந்தது. அலுவலகத்தில் இருந்தேன். பேசியவர் அத்தானின் உணவகத்துக் கல்லாக்காரர்.

"சார், டாக்டரம்மா பின்வாசல்ல விழுந்துட்டாங்க."

"இப்ப எப்படி இருக்கா?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது.

"போயிட்டாங்க சார். ஷெஃப் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. ஆறு மணிக்குக் கடை திறக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க வந்துட்டா நல்லா இருக்கும்னாரு."

ஷெஃப் என்பது என் அத்தான். டாக்டரம்மா என்பது அவருடைய மனைவி, என் அக்கா. அவள் டாக்டர் இல்லை. அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் அத்தான். கேலிக்காக வைத்தது அந்தச் சமையலறையில் நிலைத்துவிட்டது.

அக்கா ஒரு மருந்துக் கடையில் வெகுகாலம் வேலை பார்த்தவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். வாய்தான் கொஞ்சம் நீளம். இருமல் மருந்து கேட்டு வருகிறவரிடம், "சட்டைப் பையில இருக்கற சிகரெட்டையும் இங்கயே வச்சுட்டுப் போங்க, பில்லுல கழிச்சுக்கறேன்" என்பாள். என் மனைவியை முதன்முதலாகப் பார்த்தபோது, "இவன் தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பான். பரவாயில்லையா? இப்பவே சொல்லிடும்மா" என்றாள்.

அத்தான் அந்த பிரெஞ்சு உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். கொக்கோவான் என்ற ஒரு பழைய பிரெஞ்சுக் கோழிச் சமையல்தான் அவருடைய கௌரவம். பன்றிக் கொழுப்பை உருக்கி, அதில் கோழியைத் தோலோடு சிவக்க வறுத்து, சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைத்து, கடைசியில் கை நிறைய வெண்ணெயைப் போட்டுக் கலக்குவார். குழம்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும். அவர் சமையலறையில் இரண்டு விதிகள். எதையும் வீணாக்கக் கூடாது. யாரையும் பாராட்டக் கூடாது. ஒரு தட்டு சரியில்லை என்றால், செய்தவன் கண்முன்னாலேயே அதைத் தொட்டியில் கவிழ்ப்பார். வாய் திறக்க மாட்டார். வீட்டிலும் அவருக்கு "சரி, ஷெஃப்" என்றுதான் பதில் வரவேண்டும். அக்கா சொல்வாள். சொல்லும்போது ஒரு சல்யூட்டும் அடிப்பாள்.

இத்தனை வருடம் ருசி பார்த்த குழம்பெல்லாம் ஒருநாள் நெஞ்சை அடைத்தது. அடுப்படியிலேயே விழுந்தார். எடை குறைந்தால்தான் அறுவை சிகிச்சை செய்ய முடியும், தள்ளிப்போனால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோல், வெண்ணெய், கொழுப்பு எல்லாவற்றுக்கும் தடை. அத்தான் வீட்டில் படுத்துக்கொண்டு, கொக்கோவானைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்காது என்று அடம்பிடித்தார். அக்கா வேலையை விட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

முதல் தட்டைக் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த வாளியில் கவிழ்த்தார். "இது ஆஸ்பத்திரியில செத்த கோழிடி."

மறுநாள் அவள் இன்னொரு தட்டோடு போனாள். "நேத்து செத்ததோட தங்கச்சி இது. சாப்பிடுங்க."

அதுவும் வாளிக்குப் போனது. அதற்கு அடுத்த நாள் நானும் அங்கே இருந்தேன். கவிழ்த்துவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா வாளியை எட்டிப் பார்த்தாள். "தினமும் சத்தா சாப்பிடறதால வாளி நூறு வயசு இருக்கும். உங்களைப் பத்திதான் சொல்ல முடியல" என்றாள்.

அவள் விடவில்லை. தோலை முதலிலேயே உரித்தால் கறி சக்கையாகிறது என்று கண்டுபிடித்தாள். தோலோடு வேகவைத்து, வெந்த பிறகு உரித்தாள். குழம்பை ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுத்தாள். காளானை எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியில் வறுத்தாள். வெண்ணெய்க்கும் மாவுக்கும் பதிலாக வெந்த கேரட்டை மசித்துக் குழம்பைக் கெட்டியாக்கினாள். ஒயினைப் பாதியாகச் சுண்டவைத்து அதன் புளிப்பை அடக்கினாள்.

ஒருநாள் தட்டு கவிழவில்லை. அத்தான் ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். அன்று மாலை அவராகவே, "நான் எழுந்து நடந்தா என் கிச்சன்ல உனக்கு ஒரு அடுப்பு. இதை நீயே போடு" என்றாராம்.

அக்கா அதை எனக்குப் போனில் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. "டேய், மருந்துக் கடையில அடுத்தவன் எழுதினதையே எடுத்துக் குடுத்துட்டிருந்தேன். இது நான் எழுதினதுடா."

அவர் தட்டிலிருந்து விலக்கியதெல்லாம் அவள் தட்டுக்குப் போனது. உரித்த தோலை மொறுமொறுவென்று வறுத்து உப்புத் தூவிக்கொள்வாள். வழித்த கொழுப்பை ரொட்டியில் தடவிக்கொள்வாள்.

"என்னக்கா இது?"

"குப்பையில போட்டா உங்க அத்தான் படுத்த இடத்துலேர்ந்தே மோப்பம் பிடிப்பாரு. வீணாக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குடா இந்த வீட்டுல."

"உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"எனக்கென்ன, இரும்பு."

அவர் இளைத்தார், அவள் பருத்தாள். அத்தான் அதையும் விடவில்லை. பார்க்க வந்தவர்களிடம், "நான் விட்ட கொழுப்பு எங்கயும் போயிடல. கண்ணு முன்னாடிதான் நடமாடுது" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அவர்களுக்குக் காபி கொடுத்தாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அத்தான் வேலைக்குத் திரும்பினார். உணவகத்தின் மெனு அட்டையில் 'லைட் கொக்கோவான்' வந்தது. ஷெஃப் நோயோடு போராடிக் கண்டுபிடித்தது என்று கீழே ஒரு வரி. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள்.

அக்கா தனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்து, இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உணவகச் சமையலறையில் போய் நின்றாள். "எது என் அடுப்பு, ஷெஃப்?"

அத்தான் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். ஸ்டோர் அறைக்குப் போய், பழைய ஒற்றை அடுப்பு ஒன்றைத் தூக்கி வந்தார். பின்வாசலுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகளுக்கும் சாக்கடைக்கும் நடுவில் வைத்தார்.

"இதோ. காத்தோட்டமா இருக்கும். எலும்பைப் போட்டுக் கொதிக்க வை, டாக்டரம்மா."

சமையலறையே சிரித்தது. பாத்திரம் கழுவுகிறவர்கூடச் சிரித்தார் என்று கல்லாக்காரர் பிற்பாடு சொன்னார்.

அக்கா கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "தீப்பெட்டி யார்கிட்ட இருக்கு?"

அன்றிலிருந்து அங்கேதான். வெயிலில் தலையில் துண்டு, மழையில் தகரக் கூரையின் ஒழுகாத மூலை. கோழியை வேகவைப்பாள், தோல் உரிப்பாள், கொழுப்பு வழிப்பாள். முக்கால்வாசி முடிந்த குழம்பு உள்ளே போகும். உள்ளே இரண்டாம் சமையல்காரர் அதைச் சூடாக்கித் தட்டில் ஊற்றுவார். மிஞ்சிய தோலும் கொழுப்பும், பழக்கப்படி, அவள் மதியச் சாப்பாடு. தினமும் கடை திறக்கும் முன் கதவருகே போய் நின்று, "இன்னைக்காவது உள்ள வரவா?" என்று கேட்பாள்.

"ஆகட்டும், டாக்டரம்மா. இங்க எவனாவது செத்தா அடுப்பு காலியாகும்."

"நீங்க முந்திக்காம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"எதுக்குக்கா போற?" என்று கேட்டேன். "மருந்துக் கடையில வேற ஆள் போட்டுட்டாங்க. வீட்டுல உட்கார்ந்து சுவத்தைப் பாக்கவா? அந்தக் குழம்பு என்னுதுடா. அது எங்க இருக்கோ அங்கதான் நானும். என்னைக்கு இருந்தாலும் உள்ள போவேன்" என்றாள். பேச்சுக்கு நடுவே இரண்டு முறை மூச்சு வாங்கினாள். நெஞ்சு எரிச்சலுக்கு ஒரு மாத்திரையை மென்றுகொண்டிருந்தாள். அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இதே கதையை வேறு யாராவது மருந்துக் கடையில் வந்து சொல்லியிருந்தால், விரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாள்.

நான் போனபோது அவளைக் காஸ் சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். மேலே உணவகத்தின் மேசைவிரிப்பு ஒன்று. காய்கறி கொண்டுவந்தவர் மூட்டையோடு அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அத்தான் கரண்டியோடு வெளியே வந்தார்.

"காலையிலேர்ந்தே முகம் சரியில்ல. வீட்டுக்குப் போடின்னேன். கேட்டாளா?"

கல்லாக்காரர் தரையைப் பார்த்தார்.

"கடையை மூடலையா, அத்தான்?"

"எல்லா மேசையும் போன வாரமே புக் பண்ணிட்டாங்க. பாதிப் பேர் லைட் கொக்கோவான்தான் சொல்லியிருக்காங்க. எப்படி மூடறது? நீ வண்டிக்குச் சொல்லு. பின்வாசலுக்கு வரட்டும், முன்னாடி வேணாம்."

அப்போது இரண்டாம் சமையல்காரர் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஷெஃப், அந்தப் பானை இன்னும் கொதிக்கணும். இனிமே வெளிய யாரு பாத்துப்பா?"

அத்தான் யோசிக்கவே இல்லை. "அடுப்போட உள்ள கொண்டு வா. ஜன்னல் பக்கத்துல இடம் கெடக்குல்ல, அங்க வை."

இடம் இருந்தது. இரண்டு பேர் பானையை இறக்கி, அடுப்பைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். மறுபடி வந்து பானையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அத்தானும் அவர்கள் பின்னால் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

வண்டி வரும்வரை அவளுடைய முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். முக்காலிக்கு அடியில், அன்றைய குழம்புக்கான சின்ன வெங்காயம் ஒரு கூடை இருந்தது. அதில் பாதிதான் உரித்திருந்தாள்.