ஷூவைக் கழற்றச் சொன்ன பயிற்சியாளர்

போன வருடம் மே மாத லீவு. நெய்வேலியில் எங்கள் பிளாக் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி, முதலில் ஆள் தேர்வு என்றார்கள். இரண்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகளுக்கு அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. எந்நேரமும் குவார்ட்டர்ஸ் சுவரில் பந்து மோதும் சத்தம்தான். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்த கையோடு பண்ருட்டிக்குக் கூட்டிப்போய் ஷூ வாங்கித் தந்தார். "வளர்ற காலு, அடுத்த வருஷத்துக்கும் ஆவும்" என்று ஒரு சைஸ் பெரிதாக. நான் முன்பக்கம் பஞ்சு அடைத்துவிட்டேன். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு எது வாங்கினாலும் இந்தக் கணக்குதானே!

தேர்வன்று காலை, அவள் ஓடி வந்து உதைத்தாள். பந்து நின்ற இடத்திலேயே நின்றது, ஷூ பறந்தது. "ஷூ போயி கோல் வுழுந்துடுச்சிடா" என்றான் ஒரு பொடியன். மைதானமே சிரித்தது. மகளுக்கு உதடு துடித்தது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

பயிற்சியாளர் இளம்பெண். அந்த ஷூவை எடுத்துப் பஞ்சை உருவினார். பிறகு மற்ற பிள்ளைகளின் ஷூ நுனியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பாதிப் பேருக்கு இதே கதை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொல்லி, பந்தையும் ஓரமாக வைத்துவிட்டு, சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டு நொண்டி ஆடச் சொன்னார்.

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் மகனோடு வந்திருந்த ஒருவர், "பந்தாட கூட்டினு வந்தா நொண்டி ஆட வுடுறாங்களே" என்று முணுமுணுத்தார். அந்தப் பெண் திரும்பவே இல்லை. கண்ணெல்லாம் பிள்ளைகள் மேல்.

நொண்டி அடித்துத் தொட வந்த சிறுமி ஒரு குட்டிப் பையனை மூலையில் மடக்கினாள். என் மகள் வேண்டுமென்றே குறுக்கே ஓடி, அவளைத் தன் பக்கம் இழுத்து, கை எட்டும் நேரத்தில் வளைந்து நழுவினாள். பையன் தப்பித்தான். வீண் குறும்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். "ஒதைக்கறத நான் சொல்லிக் குடுத்துடுவம்மா. இவ ஓடிகினே யாரு எங்க நிக்கறாங்கன்னு பாக்கறா. அது எல்லாருக்கும் வராதும்மா" என்று அவளைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

அதைவிட என்னால் மறக்க முடியாதது அடுத்து நடந்தது. தேர்வாகாத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டாரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நைட் ஷிப்ட்காரரின் மகன்தான் முதலில் அவுட்டானவன். அவரிடம், "வெளிய நின்னுகினு மத்தவங்களுக்கு வழி சொன்னான் சார், கவனிச்சீங்களா? இப்ப ஒடம்புல வேகம் வரல, அவ்ளோதான். இந்த வயசுல புள்ளைங்க மாசத்துக்கு மாசம் மாறுங்க. மறுபடி கண்டிப்பா கூட்டினு வாங்க" என்றார். அந்த மனிதர் குனிந்து மகன் பாதத்து மண்ணைத் தட்டிவிட்டு, அவன் தோளில் கை போட்டு நடந்தார்.

இப்போதெல்லாம் தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்று பார்க்கிறேன். பெற்றவள் நான் குறும்பு என்று விட்டுவிட இருந்ததைத் திறமை என்று கண்டெடுத்த அந்தப் பெண்ணின் பார்வையில் கொஞ்சமாவது எனக்கும் வாய்க்காதா என்ற ஆசைதான்.