போர்வையின் நான்காம் மூலை

1. கூச்சல்

"எங்கம்மா என் மூல?"

தட்டாஞ்சாவடியில் நாங்கள் வேலை செய்த பட்டறையின் வாசலில் நின்று கனகா இப்படிக் கேட்டபோது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மீன் ஏலத்தில் பழகிய குரல் அது. அவள் கையில் இருந்தது இளநீல ஃப்ளீஸ் போர்வை. அதன் நான்கு மூலைகளும் குறையின்றி இருந்தன. அதுவே அவளுடைய குறை.

நான் அங்கே ஃபினிஷிங் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தேன். ரெடிமேட் போர்வை, மேசைவிரிப்பு ஆகியவற்றுக்குக் குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னலால் பார்டர் போட்டுத் தருவது எங்கள் பணி. இத்தொழிலுக்குப் புதிதாக வருவோர்க்குப் பயன்படக்கூடும் என்பதால், நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

2. பெருமாள் கேட்கிறார்

அதற்கு முந்தைய வாரம், கனகா அந்தப் போர்வையைக் கடைப்பையோடு கொண்டுவந்தாள். அவள் தம்பிக்குக் குழந்தை பிறந்திருந்தது. அத்தை கொண்டுவரும் போர்வையில்தான் குழந்தையை முதலில் தொட்டிலில் கிடத்துவது அவர்கள் வீட்டு வழக்கம். தம்பி மனைவி மல்லிகாவோ, கான்வென்ட்டில் மாசேர்களிடம், அதாவது கன்னியாஸ்திரீகளிடம், குரோஷா கற்றுத் தேர்ந்தவள்.

"'கடையில வாங்கனத அப்டியே கொண்டாந்தா அலமாரியில வெச்சிடுவேன் அண்ணி. ஒங்க கை பட்டாத்தான் தொட்டிலுக்குள்ள போவும்'னு சொல்லிட்டா. சிரிச்சிக்கிட்டுதான் சொன்னா. அதான் பயமா இருக்கு" என்றாள் கனகா. "நீங்க பார்டர் போட்டுக் குடுத்துடுங்க. நான் போட்டேன்னு சொல்லிக்கறேன்."

நான் சுவரிலிருந்த படத்தைக் காட்டினேன். "பெருமாள் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"அவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரும்மா."

நாள்தோறும் பாசுரம் ஓதி வளர்ந்த நான் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். எங்கள் தேர்ந்த கைக்காரி புஷ்பா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முடிவில் ஓர் உடன்பாடு செய்தேன். மூன்று மூலைகள் எங்களுடையவை; நான்காவது கனகாவினுடையது. அப்போது 'என் கை பட்டது' என்று அவள் சொன்னால் அது மெய்யாகவே இருக்கும்.

3. வலைக்கண்

ஃப்ளீஸ் துணியில் குரோஷா ஊசி நேரே இறங்காது. முதலில் போர்வையை ஒருமுறை அலசிக் காயவைக்க வேண்டும். பின்னர் தடித்த நூலால் ஓரம் முழுவதும் கைத்தையல் போட்டு, அந்த நூல் வளையங்களில் ஊசியை நுழைத்துப் பின்ன வேண்டும். மூலைக்கு வந்தால் ஒரே வளையத்தில் மூன்று சிங்கிள் பின்னல். குறைத்தால் மூலை சுருண்டுகொள்ளும். கூட்டினால் அலையலையாக எழும். அந்தாதியின் கடைசிச் சொல் முதற்சொல்லில் வந்து சேர்வதுபோல, பார்டரின் முடிவும் தொடக்கத்தில் வந்து இணைய வேண்டும். சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால் பிரித்து மறுபடி போடச் சொல்வேன்.

புஷ்பா மூன்று மூலைகளையும் அவ்விதமே முடித்தாள். நான்காவதற்குக் கனகா உட்கார்ந்தாள். ஊசி அவள் விரலில் நிற்கவே இல்லை.

"இன்னாம்மா இது? தூண்டி முள்ளாட்டம் இருக்குது, ஒண்ணும் மாட்ட மாட்டேங்குதே!"

ஊசியைக் கீழே வைத்தாள். நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, வெறும் விரல்களால் முடிச்சுப் போடத் தொடங்கினாள். பிறந்த வீட்டில் வலை பழுது பார்த்த கை. சிறிது நேரத்தில் அந்த மூலையில் நான்கைந்து வலைக்கண்கள் வாய் பிளந்து நின்றன.

"அக்கா, இது போர்வ. மீன் புடிக்கப் போறதில்ல" என்றாள் புஷ்பா.

"போர்வ கிழிஞ்சாலும் இது அவுராதுடி" என்று சொல்லிவிட்டுக் கனகா பெருமையோடு போனாள்.

4. புஷ்பாவின் கை

புஷ்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோணலான தையலைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரியின் ரவிக்கையில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்தவள் அவள். ஏகாதசிக்கு நான் விடுப்பில் இருந்த அன்று, போர்வையைப் பேக் செய்ய எடுத்திருக்கிறாள். வலைக்கண்கள் கண்ணில் பட்டன. பிரிக்கப் பார்த்தாள், முடிச்சு அசையவில்லை. கத்தரியால் வெட்டியெறிந்துவிட்டு, மூன்று சிங்கிள் போட்டு, மற்ற மூலைகளைப் போலவே அதையும் அழகாக முடித்துவிட்டாள்.

அதனால்தான் அந்தக் கூச்சல்.

"கோணலா இருந்துச்சுக்கா, நேராக்கிட்டேன்" என்றாள் புஷ்பா.

"ஒன்ன யாருடி நேராக்கச் சொன்னது? இன்னிக்குத் தொட்டில் போடறாங்க! எந்தம்பி பொண்டாட்டி தடவிப் பாத்தே கண்டுபுடிச்சிடுவா. போர்வ அலமாரிக்குப் போவும், நான் மூலைக்குப் போவேன்!"

வலைக்கண்ணைத் தானே போட்டுத் தருவதாகப் புஷ்பா ஊசியை எடுத்தாள். ரோஜா மொட்டு ஒன்று வந்தது. மறுபடி முயன்றாள்; முன்னதைவிட அழகான மொட்டு வந்தது. நான் முயன்றேன், இரண்டு இலைகளும் சேர்ந்து வந்தன. எங்கள் இருவருக்கும் கோணலாகப் போடும் பேறு வாய்க்கவில்லை.

வேறு வழியின்றிப் புஷ்பாவின் மூலையைப் பிரித்தோம். கனகா தரையில் அமர்ந்து நூலைக் கால்விரலில் மாட்டினாள்.

"செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லுடி. பாத்தீன்னா ஒன் கை சும்மா இருக்காது" என்றாள்.

புஷ்பா திரும்பி நின்றாள். அவள் படும் பாட்டை அவளுடைய தோள்களே காட்டின.

முடிந்ததும் கனகா ஆட்டோவைக் கூப்பிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் வரணும். அவ நம்பலன்னா சாட்சி சொல்லணும்."

5. உப்பளத்தில்

உப்பளம் பகுதியில் இருந்த தம்பி வீட்டில், மல்லிகா போர்வையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி, ஓரத்தை விரலால் வருடினாள். ஒரு மூலை கடந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் விரல் நின்றது.

"அண்ணி, மூணு மூல கட வேல."

கனகா என்னைப் பார்த்தாள். நான் அந்த வீட்டிலும் ஒரு பெருமாள் படம் உண்டா என்று தேடினேன்.

"ஆமா" என்றாள் கனகா. "இது மட்டுந்தான் நான் போட்டது. வலக்கண்ணு. எனக்கு அதான் வரும்."

மல்லிகா அந்த மூலையை இரண்டு கைகளாலும் பற்றி வெடுக்கென்று இழுத்தாள். முடிச்சு நெகிழவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். நெகிழவில்லை.

"மாசேரு எனக்கு இதக் கத்துக்குடுக்கலியே அண்ணி!" என்று சிரித்துவிட்டு, அவளே எழுந்து போர்வையைத் தொட்டிலில் விரித்தாள். வலைக்கண் மூலை தலைமாட்டுக்கு வந்தது. கனகா குழந்தையைக் கிடத்தினாள். அது கையைத் துழாவி, ஒரு கண்ணுக்குள் விரலை விட்டுப் பற்றிக்கொண்டது. எடுத்துவிட்டாலும் மீண்டும் அங்கேயே போனது.

"மாட்டிக்கிச்சு பாருங்க! இனிமே அத்தைய உட்டு எங்க போவும்?" என்று கனகா ஏலக்குரலில் அறிவித்தாள். வீடே சிரித்தது.

புஷ்பா மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்தாள்.

"அம்மா, அந்தக் கண்ணுங்க ஒரே அளவா இல்ல. ஒரே ஒரு தடவ, யாருக்கும் தெரியாம..."

அவள் இடுப்பில் செருகியிருந்த குரோஷா ஊசியை நோக்கி விரல்கள் நகர்வதைக் கண்டேன். குழந்தையின் காதில் பெயர் சொல்லும் சடங்கு முடியும்வரை அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு நின்றேன்.

கோணலான தையலைக் கண்டால், அதை யார் போட்டது என்று கேட்டபின் கத்தரியை எடுங்கள். பணியில் நான் கற்றதில் இளையோருக்குச் சொல்லத்தக்கது இதுவே. எத்தனையோ பார்டர்களை நான் மேற்பார்வையிட்டிருக்கிறேன். அவற்றுள் சிறந்த மேற்பார்வை, அன்று உப்பளத்தில் புஷ்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.